ஒன்றேகால் றாத்தல்

பெயரைப் போடாதே என்று அவரே அன்றைக்குச் சொல்லிவிட்டார். நான் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்த நேரம் அது. "பேரப் போட்டீன்னா அட்டன்லருந்து நாலு பேரு வேல வெட்டி இல்லாம பாக்க வருவான். புள்ளைக தூங்குற எடம் ஆயி இது" என்றார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறேன். எப்படியும் எங்கள் தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாகூட "புள்ளக்காம்பரா அக்கா" என்றுதான் சத்தம் போடுவார்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒன்றரை மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் தகரம் போட்ட ஒற்றை அறைதான் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே அக்காவிடம் விட்டுப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். ஒன்று அழுதால் பதினைந்தும் அழும். அதனால் அந்தக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாது. கதவுக்கு அண்டை கொடுத்து ஓர் இரும்புக் கல் வைத்திருந்தார்கள்.

அது அரை அந்தர்க் கல். ஐம்பத்தாறு றாத்தல், இன்றைய கணக்கில் இருபத்தைந்து கிலோவுக்கு மேலே. மணிபோல வயிறு பருத்து, உச்சியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வளையப் பிடி. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே தராசில் தேயிலைப் பெட்டி நிறுக்க வைத்திருந்தது. புதுக் கற்கள் வந்ததும் பழையது கதவுக்கு வந்துவிட்டது. அதன் அடியில் ஒரு குழி, குழி நிறைய ஈயம். இரும்பு தேயத் தேய ஈயத்தை ஊற்றி நிறையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். அந்தக் கல்லை ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கை வளையாமல் நேராக நிற்க வேண்டும். மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம்பம் என்னவோ சாதாரணமானது. இடுப்பில் ஒரு பிள்ளை சிணுங்கிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்த வேண்டியிருந்தால் கல்லை ஒற்றைக் கையால் நகர்த்தியாக வேண்டுமல்லவா? அப்படி நகர்த்தினார். பிறகு முழங்கால் வரை தூக்கினார். பிறகு இடுப்பு, பிறகு தோள். நான் பார்க்கத் தொடங்கியபோது நான்கு வருஷம் ஓடியிருந்தது. கதவு நிலையில் கரித்துண்டால் கோடு கோடாகப் போட்டிருந்தார், வளரும் பிள்ளைக்கு உயரம் குறிப்பதுபோல. கடைசிக் கோடு அவருடைய காதுக்கு நேரே இருந்தது.

"எதுக்கக்கா இது?" என்று கேட்காதவர்கள் இல்லை.

"வரமாட்டேங்குதே, அதுக்குத்தான்."

நான் அப்போது எஸ்.எஸ்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்துக் கிடந்தேன். அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எனக்கு வீட்டில் உட்கார முடியாது, சும்மா இருக்கவும் தெரியாது. அட்டன் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடிய கை, எதையாவது பிடிக்கத் துடிக்கும். தினமும் மத்தியானம் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிவிடுவேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்த ஒரு மணி நேரம்தான் அக்காவின் நேரம். சேலையை வரிந்து கட்டுவார். கையில் அடுப்புச் சாம்பல் தடவிக்கொள்வார். பத்துத் தடவை வலது கை, பத்துத் தடவை இடது கை தோள் வரைக்கும். அதன் பிறகுதான் அந்த ஒரு தூக்கு. ஒரு நாளைக்கு ஒன்றுதான். வந்தால் வந்தது.

"வரல" என்பார். கல்லைப் பழையபடி கதவடியில் சத்தமில்லாமல் வைப்பார். அந்த வார்த்தையில் சலிப்பே இருக்காது. மழை வரல என்பதுபோலச் சொல்வார்.

ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் படம் ஒன்று பார்த்தேன். மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், இரும்புக் குண்டுக்குப் பிடி வைத்ததுபோல ஒரு சாமானைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நிற்கிறார். துள்ளிக்கொண்டு கொண்டுபோய்க் காட்டினேன். சீமையிலே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், போட்டி நடக்கிறது, மெடல் கொடுக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் அளந்தேன். அக்கா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இந்தாளும் புள்ள பாக்குறவரா?"

"இல்லக்கா, பயில்வான்."

"அப்பறம் எங்கருந்து பழகுனாரு?" என்றார், உண்மையாகவே யோசித்தபடி.

ஸ்டோரில் மூட்டை தூக்கும் சன்னாசி அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் போக மாட்டான். "என்னக்கா, நாலு வருசமா அடகாக்குறீங்க, கல்லு பொரிஞ்சிருச்சா?"

"பொரிச்சா மொதக் குஞ்சு உனக்குத்தான்டா. மூட்ட தூக்க ஆள் பத்தலன்னு அழுவுறியாமே."

ஒருநாள் அவனே மார்தட்டிக்கொண்டு கல்லைப் பிடித்தான். முதுகில் இரண்டு மூட்டை ஏற்றுகிறவன். தோள்வரை சுலபமாக வந்தது. அதற்கு மேலே முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, காலைப் பரப்பி, பல்லைக் கடித்து, கடைசியில் கீழே வைத்துவிட்டான். "இது தூக்குற சாமானே இல்லக்கா. கதவுக்கு வைக்கிற சாமான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான்.

அக்காவின் அளவு வேறு. பால்மா கரைக்கும்போது கரண்டியில் எடுத்த மாவைக் கத்தி முதுகால் வழித்துவிடுவார். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. "எம்புள்ளைக்கு ஒரு பொட்டு கூடப் போடுங்கக்கா" என்று ஒருத்தி கெஞ்சினால், "அப்ப யாரு புள்ளைக்குக் கொறைக்கிறது, நீயே காட்டு" என்று ஏணை வரிசையைக் கையால் காட்டுவார். இதே கத்தி முதுகு கல்லுக்கும் இருந்தது. ஒரு மழை நாளில் கல் காதைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, மேலே போயே போய்விட்டது. நான் கத்தப் போனேன். அக்கா இறக்கி வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

"முட்டி மடங்கிருச்சு. கால்லருந்து எத்தி விட்டுட்டேன். பொய்த் தூக்கு."

"யாருக்கா பாத்தா?"

"நீ பாத்த. நானும்ல பாத்தேன்."

அவருடைய வீட்டுக்காரர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். லயத்தில் யாராவது கிண்டல் செய்தால், "அது கல்லோட குடும்பம் நடத்துது. நான் ஒலையப் பாத்துக்கிறேன்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். மறைக்கப் பார்ப்பார், முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் தைப் பொங்கலுக்கு எட்டு நாள் முன்னே டீமேக்கர் ஐயா ஒரு தாளோடு வந்தார். ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்பு. பழைய இரும்பெல்லாம் ஏற்றிப்போக லொறி வருகிறதாம். "இந்தக் கல்லையும் எழுதியாச்சும்மா. கதவுக்கு வேற ஏதாவது வச்சுக்கலாம்."

அக்காவின் கை போய் வளையத்தின்மேல் உட்கார்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அக்கா அதத் தூக்கப் போறாங்க! தலைக்கு மேல!" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர், வேடிக்கைப் பிரியர். "அப்படியா? சரி. பொங்கலன்னைக்கு ஸ்டோர் வாசல்ல எல்லாருக்கும் முன்னால தூக்கிக் காட்டட்டும். தூக்குனா கல்லு அவங்களுக்கே. இல்லாட்டி லொறிக்கு. சம்மதமாம்மா?"

"சரிங்கய்யா" என்றார் அக்கா. அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்த வாய வச்சுக்கிட்டுச் செத்த சும்மா இருக்க மாட்டியா ஆயி? இன்னும் ஒரு வருசம் வேணும் எனக்கு."

எட்டு நாளில் கல் காதுக்கு மேலே ஒரு சாண் ஏறியது. அதற்கு மேலே ஏறவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயைக் கொடுத்தது நான், கல்லைப் பறிகொடுக்கப்போவது அக்கா. பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம், அக்கா பானைகளை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார், என்னைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டு. நான் அப்பாவின் உளியோடுதான் போயிருந்தேன். கல்லைக் கவிழ்த்து அடியிலிருந்த ஈயத்தைத் தோண்டி எடுத்தேன். ஈயம் வெண்ணெய்க்கட்டி மாதிரி உளிக்கு விட்டுக்கொடுத்தது. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். குழியில் மண்ணை அப்பினேன். நல்லது செய்கிறோம் என்ற துள்ளலில் ஓர் ஏணையை வேறு ஆட்டிவிட்டேன்.

மறுநாள் ஸ்டோர் வாசலில் பொங்கல் பொங்கி, தப்பு அடித்து, சனம் வட்டம் கட்டிவிட்டது. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கல்லைப் பிடித்தார். தோளுக்கு வந்தது. தோளில் ஒரு கணம் நின்றது. அக்கா தலையைத் திருப்பிக் கல்லைப் பார்த்தார். பிறகு கை மேலே போயிற்று. காது, நெற்றி, உச்சி. முட்டி மடங்கவில்லை. கை நேராக நின்றது. சனம் ஒரே குரலில் எண்ணிற்று: "ஒண்ணு! ரெண்டு! மூணு!" தப்புக்காரர்கள் பிய்த்து வாங்கினார்கள். சன்னாசி தலைத் துண்டை உருவி ஆகாயத்தில் வீசினான்.

அக்கா கல்லை இறக்கினார். கீழே வைக்கவில்லை. வளையத்தைப் பிடித்தபடி மெதுவாக மேலும் கீழும் இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.

"கொறயுது" என்றார்.

"என்னம்மா?"

"கல்லு கொறயுதுங்கய்யா. தராசுல வைங்க."

"நல்ல நாளும் அதுவுமா! தூக்கியாச்சும்மா, விடுங்க."

"வைங்கய்யா."

தராசின் ஒரு தட்டில் ஸ்டோரின் முத்திரை போட்ட புது அரை அந்தர். மறு தட்டில் அக்காவின் கல். அக்காவின் தட்டு மேலே போயிற்று. டீமேக்கர் ஐயா சின்னக் கற்களை எடுத்து அந்தத் தட்டில் வைத்தார். ஒரு றாத்தல் வைத்தும் போதவில்லை. ஒரு கால் றாத்தல் வைத்ததும் சமமாயிற்று. கல்லைக் கவிழ்த்தார். காய்ந்த மண் உதிர்ந்தது. "ஈயம் விழுந்திருக்கு" என்றார். அக்கா குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஒன்றேகால் றாத்தல் சின்னக் கற்களை ஒரு துண்டில் முடிந்து வளையத்தோடு சேர்த்துக் கட்டினார். மறுபடியும் பிடித்தார். தோள். காது. காதுக்கு மேலே ஒரு சாண், அதற்கு மேலே நாலு விரல். கழுத்து நரம்பு புடைத்தது. நான் பார்த்ததிலேயே அதிக உயரம் அதுதான். அங்கேயே நின்றது, நின்றது, பிறகு இறங்கிவிட்டது.

"வரல."

டீமேக்கர் ஐயாவுக்கே சங்கடமாகிவிட்டது. "ஒண்ணேகா றாத்தலுதானேம்மா, அதுல என்ன இருக்கு. கல்ல நீங்களே வச்சுக்கங்க."

"பேசுனது பேச்சுங்கய்யா."

முடிச்சை அவிழ்த்துச் சின்னக் கற்களை எண்ணித் தட்டிலேயே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார். சன்னாசி ஏதாவது சொல்லப்போகிறான் என்று பார்த்தேன். அவன் பாதையை விட்டு விலகி நின்றான்.

மூன்றாம் நாள் லொறி வந்து கல்லை ஏற்றிப்போயிற்று.

பத்து நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் கைக்குட்டை முடிச்சோடு போனேன். அக்கா ஒரு பழைய இரும்பு வாளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரிடம் கேட்டு வாங்கிய உடைந்த போல்ட், சங்கிலித் துண்டு, ஒரு கிண்ணம் சிமெந்து.

"அக்கா, நான்தான் அந்த…"

"தெரியும். உங்கப்பா உளி ஏணைக்குக் கீழ கெடந்துச்சு. கழுவி வச்சிருக்கேன், போறப்ப எடுத்துக்கிட்டுப் போ."

நான் அழுதேன். அவர் ஒரு போல்ட்டை வாளிக்குள் போட்டுத் தூக்கிப் பார்த்தார்.

"நாலு வருசமா நான் கெடந்து சாவுறதே அந்தக் கடைசி ஒண்ணேகா றாத்தலுக்குத்தான் ஆயி. அதப் போயி எடுத்துப்புட்டியே" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, மூக்கச் சிந்து. முடிச்சுல என்ன? அந்த ஈயமா? இதுலயே போடு."

கை சொல்லும் கனம் வரும்வரை ஒவ்வொரு துண்டாகப் போட்டார். "இதான்" என்றார். பிறகு யோசித்து, இன்னும் இரண்டு போல்ட் போட்டார். "கொறஞ்சிறக் கூடாது பாரு." சிமெந்தைக் குழைத்து ஊற்றினார்.

"ஸ்டோர்ல நிறுத்துப் பாத்தா என்னக்கா?"

"அரை அந்தரத் தூக்குற வரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

மாசி போய், பங்குனி, சித்திரை, வைகாசி போயிற்று. வாளி முன்கையில் இடித்து இடித்து அந்த இடம் தடித்துக் கறுத்துவிட்டது. கதவு நிலையில் கோடு அசையவே இல்லை. காதுக்கு மேலே ஒரு சாண், அங்கேயே நின்றது. ஆனியில் ஒருநாள் வாளியை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பொங்கலுக்கு இதவிட நாலு விரல் மேல போச்சு. இப்ப போவல. எனக்கு வயசாயிருச்சு போல ஆயி. விட்டுறலாமான்னு இருக்கு."

எனக்கு அதற்குள் ரிசல்ட் வந்து, ஆசிரியர் பயிற்சிக்கு அழைப்பும் வந்திருந்தது. அடுத்த வாரம் ரயில் ஏற வேண்டும். இந்த முறை எதையும் தொடுவதற்கு முன்னே கேட்டேன்.

"அக்கா, வாளிய ஒரு தடவ நிறுத்துருவோம். நான் கை வைக்கல. சன்னாசி தூக்கிக்கிட்டு வரட்டும். நீங்க வாசப்படிக்கு வெளியவே நில்லுங்க."

வாளியை விட்டு எழுந்தார். "சரி, தூக்கச் சொல்லு" என்றார்.

மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க வந்திருந்த நேரம். பிள்ளைகள் தங்கள் தாய் மடியில் இருந்தன. நாங்கள் மூவரும் இறங்கினோம். அக்கா சொன்னபடியே படிக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே தராசில் வாளியை வைத்தோம். எதிர்த் தட்டில் டீமேக்கர் ஐயா அரை அந்தரை வைத்தார். வாளி அசையவே இல்லை. புருவத்தைச் சுருக்கினார். ஒரு றாத்தல் வைத்தார். இன்னொன்று வைத்தார். இன்னொன்று. ஐந்தாவது றாத்தலுக்குத்தான் முள் நடுவுக்கு வந்தது.

சன்னாசிக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினான்: "அக்கோவ்! அறுவத்தோரு றாத்தலு! அஞ்சு கூடப் போட்டுக்கிட்டா வரலன்னு அழுவுறீங்க?"

"என்னடா சொல்ற?" என்றபடி அக்கா உள்ளே வந்துவிட்டார். படியைத் தாண்டியது அவருக்கே தெரியாது. முள்ளைப் பார்த்தார். சின்னக் கற்களை விரலால் தொட்டு எண்ணினார். அப்புறம் அவர் பார்வை அந்த முத்திரை போட்ட அரை அந்தரில் போய் நின்றது.

"ஐயா, இத எடுக்கலாங்களா?"

டீமேக்கர் ஐயா ஒதுங்கினார். அக்கா முந்தானையைச் செருகினார். சாம்பல் இல்லை, தரையில் கிடந்த தேயிலைத் தூசியைக் கையில் தேய்த்துக்கொண்டார். தட்டிலிருந்து கல்லை எடுத்தார். தோள். காது. நான் அவருடைய முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை கம்பம்போல நின்றன. நிமிர்ந்து பார்க்கும்போது கல் கூரைக்கு நேரே இருந்தது, கை அதன் கீழே ஒரே கோடாக இருந்தது. தேயிலை சலித்துக்கொண்டிருந்த பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டார்கள். டீமேக்கர் ஐயா எண்ணினார். மூன்றோடு நிறுத்த மறந்துவிட்டார். யாருமே நிறுத்தவில்லை. பத்துவரை எண்ணினோம். பத்துவரை நின்றார்.

கல்லைத் தட்டில் திருப்பி வைத்தார், ஒரு கிண் சத்தம் இல்லாமல்.

அதன் பிறகு நடந்த கூச்சலைச் சொல்ல வேண்டுமா? நான் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். எந்தப் பள்ளிக்கூடத்துக் கோப்பையும் எனக்கு அப்படியொரு பெருமையைத் தந்ததில்லை. இத்தனைக்கும் அதில் என் பங்கு, கெடுக்கப் பார்த்தது மட்டும்தான். அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி. "அறுவத்தொண்ணா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சன்னாசி குனிந்து வாளியைத் தூக்கப் போனான். "தள்ளுடா" என்று அவனை விலக்கிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டார்.

அந்த ஏற்றத்தில் வாளியை ஒரு தடவைகூடக் கை மாற்றவில்லை. எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். செய்தி எங்களைவிட வேகமாக மேலே போயிருக்கிறது. பாதி வழியில், கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த ஒரு பெண் நின்று, வாயெல்லாம் பல்லாக, "அக்கா, தூக்கிட்டீங்களாமே!" என்றாள்.

"எத?" என்று கேட்டார் அக்கா.